குவேக்கர் சபையில் நாடகத்துக்கு என்ன வேலை?

குவேக்கர் என்று உலகம் அழைக்கும் சமயத்தார் தங்களுக்கு இட்டுக்கொண்ட பெயர் நண்பர்கள் சபை என்பது. அச்சபையின் மௌன வழிபாட்டையும், எந்த முகாந்தரத்திலும் ஆயுதம் ஏந்துவதில்லை என்ற அதன் விரதத்தையும், 1947-ஆம் ஆண்டில் சமாதானத்துக்கான நோபல் பரிசு அதன் இரண்டு சேவை ஸ்தாபனங்களுக்கு வழங்கப்பட்ட பெருமையையும் மனமுவந்து பேசுகிற அறிஞர்கள், நாடகம் என்ற பேச்சு எழுந்த மாத்திரத்தில் சற்றே தயங்கி, அது அவர்களுக்குப் புறம்பான விஷயம் என்று ஒதுக்கிவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஒதுக்குவதற்கு அவர்கள் கூறும் காரணங்கள் இரண்டு. நாடகம் பொய்யை மெய்போலக் காட்டும் வித்தையாதலால், சத்தியத்தையே உயிர்மூச்சாகக் கொண்ட சபைக்கு அது ஆகாது என்பது பழைய காரணம். நாடகத்தில் தோஷம் ஒன்றுமில்லை, ஆயினும் சமாதானம், சமத்துவம், எளிமை முதலிய சபையின் சாட்சியங்களை வெளியுலகத்துக்கு எடுத்துச் சொல்லும் வாகனமாக இருக்கும் அளவில்தான் அதற்கு அங்கே இடமுண்டு என்பது புதிய காரணம். முன்னதைச் சொல்வோர் இன்று அருகிவிட்டனர். பின்னதே குவேக்கரிடையிலும் அவர்களைப் பற்றி எழுதுவோரிடையிலும் மேலோங்கி நிற்கிறது. ஒன்று வெறுப்பாகவும் மற்றொன்று ஆதரவாகவும் தோன்றினாலும், நாடகம் வெளியிலிருந்து வந்த சரக்கு, குவேக்கர் வாழ்வின் கருவில் உதித்ததன்று என்ற ஒரே எண்ணத்தில்தான் இரண்டும் வேரூன்றியிருக்கின்றன. நான் அச்சபையைச் சேர்ந்தவன் அல்லேன். அதன் சரித்திரத்தைச் சிரத்தையோடு படித்தவன் என்ற உரிமையில் இந்த எண்ணத்தை மறுக்க முற்படுகிறேன்.

பழைய காரணத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படும் பெரியோர் சாமானியர் அல்லர். வில்லியம் பென் லண்டன் கோட்டைச் சிறையில் இருந்தபடி எழுதி 1669-இல் வெளியிட்ட நூலில், கிறிஸ்துவும் அவருடைய சீடர்களும் எந்த நாடகத்தைக் கண்டு பொழுதுபோக்கினார்கள் என்ற கருத்துப்படக் கேள்வி எழுப்பினார். ராபர்ட் பார்க்ளே 1676-இல் லத்தீனில் இயற்றிய சித்தாந்த நூலின் கடைசிப் பிரகரணம், சூதாட்டத்தோடும் கேளிக்கைகளோடும் சேர்த்து நாடகத்தையும் கண்டித்தது. பென் நிறுவிய பென்சில்வேனியாவில் 1682-இல் இயற்றப்பட்ட சட்டம், நாடகம் நடிப்பதைச் சேவற்சண்டையோடும் எருதுகளின்மேல் நாய்களை ஏவும் குரூர விளையாட்டோடும் ஒரே வரிசையில் வைத்து, அதற்குப் பத்து நாள் கடுங்காவல் அல்லது இருபது ஷில்லிங் அபராதம் விதித்தது. இந்த விரோதம் நூறாண்டு நீடித்தது. 1766-இல் ஒரு நாடகக் கம்பெனியார் நிரந்தரக் கொட்டகை ஒன்றைக் கட்டத் துணிந்தபோது, பிலடெல்பியா நகர எல்லைக்கு வெளியே இடம் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆனால் இவர்கள் எதைக் கண்டித்தார்கள் என்பதைக் காலத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1642-இல் மூடப்பட்ட இங்கிலாந்தின் அரங்குகள் 1660-இல் மன்னர் இரண்டாம் சார்லஸ் திரும்பியபின் திறக்கப்பட்டபோது, அவை அரசவையின் போகத்துக்கும் பரிகாசத்துக்கும் உரிய இடங்களாக இருந்தன. அதே மன்னருடைய ஆட்சியில், 1662-இல் பிறந்த குவேக்கர் சட்டத்தாலும் பின்வந்த சட்டங்களாலும் ஆயிரக்கணக்கான நண்பர்கள் நாற்றமெடுத்த சிறைகளில் கிடந்தார்கள். தம் சகோதரர் சிறையில் மடிய, ஊரின் செல்வர் அரங்கில் சிரித்துக்கொண்டிருக்கக் கண்ட பென் நாடகத்தை வெறுத்ததில் வியப்பில்லை. அவ்வாறு வெறாதிருந்திருந்தால்தான் வியப்பு. ஒரு காலத்தின் நியாயமான கோபத்தை எக்காலத்துக்கும் உரிய சித்தாந்தமாக்குவதுதான் பிழை.

சித்தாந்தமாகவே எடுத்துக்கொண்டாலும் அது நிலைக்குமா? நடிப்பு பொய் என்பது அதன் சாரம். பொய் என்பது கேட்பவன் அறியாதபடி அவனை ஏமாற்றும் நோக்கத்தோடு சொல்லப்படுவது. அரங்கில் அரசனாக நிற்பவன் அரசன் அல்லன் என்பதை அவனும் அறிவான், எதிரே அமர்ந்திருப்பவனும் அறிவான். அறிந்துகொண்டே இருவரும் மனமொத்து ஓர் உண்மையைத் தேடிச் செல்கிறார்கள். வேதாகமத்தில் நாத்தான் தீர்க்கதரிசி, பிறன்மனை கவர்ந்து அவள் கணவனைப் போர்முனையில் சாகவிட்ட தாவீது மன்னனிடம் சென்று நேரே குற்றம் சாட்டவில்லை; ஏழை ஒருவனுடைய ஒற்றை ஆட்டுக்குட்டியைச் செல்வன் ஒருவன் பறித்த கதையை நடந்ததுபோலவே சொன்னார். மன்னன் கொதித்தெழுந்து தீர்ப்பும் கூறிய பிறகே, அந்தச் செல்வன் தாவீதுதான் என்று வெளிப்படுத்தினார். கற்பனை அங்கே சத்தியத்துக்கு விரோதமாக நிற்கவில்லை. மன்னனுடைய மனச்சாட்சியின் பூட்டிய கதவைத் திறக்க வேறு திறவுகோல் இருந்திருக்காது.

இனி, குவேக்கருடைய சொந்தச் சரித்திரத்துக்கு வருகிறேன். அதுவே என் வாதத்தின் பிரதான சாட்சி. சபையின் ஸ்தாபகர் ஜார்ஜ் ஃபாக்ஸ் 1651-இல் டார்பிச் சிறையிலிருந்து விடுதலையான குளிர்காலத்தில், லிச்ஃபீல்ட் கோபுரங்களைத் தூரத்தில் கண்டவுடன் பாதரட்சைகளைக் கழற்றி ஆட்டிடையரிடம் கொடுத்துவிட்டு, சந்தை நாளில் வெறுங்காலோடு வீதிகளில் நடந்து, அந்த நகரத்தின் இரத்தப்பழியைக் கூவி அறிவித்தார். தொழிலால் சங்கீத வித்துவானாயிருந்து, தம் வாத்தியங்களையே தீயிட்டுவிட்டுக் குவேக்கரான சாலமன் எக்கிள்ஸ், இடையில் மட்டும் துணி கட்டிக்கொண்டு, தலைமேல் கந்தகம் எரியும் சட்டியோடு, மனந்திரும்பும்படி கூவிச் சென்றவர். 1667-இல் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் அவ்வாறு ஒரு குவேக்கர் சென்றதைச் சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். இவற்றை அவர்கள் அடையாளங்கள் என்று அழைத்தார்கள். ஏசாயா ஆடையின்றித் திரிந்ததும், எரேமியா கழுத்தில் நுகத்தடி பூட்டிக்கொண்டதும் அவர்களுக்கு முன்மாதிரி. சொல்லால் ஆகாததை உடலால், வேஷத்தால், பொருளால், பலர் காண ஓர் இடத்தில் ஒரு வேளையில் நிகழ்த்திக் காட்டுவதற்கு நாடகம் என்றல்லாமல் வேறு என்ன பெயர்? பெயரை வெறுத்தார்கள், காரியத்தைச் செய்துகொண்டேயிருந்தார்கள்.

ஜேம்ஸ் நெய்லர் என்ற குவேக்கரின் கதையை எதிர்வாதியார் இங்கே எழுப்பக்கூடும், எழுப்புவது நியாயமே. 1656 அக்டோபரில், கொட்டும் மழையில், நெய்லர் குதிரைமேல் பிரிஸ்டல் நகருக்குள் புகுந்தபோது, உடன்வந்தவர்கள் அவர் முன்னே ஆடைகளை விரித்துத் துதி பாடினார்கள். எருசலேமில் கிறிஸ்து பிரவேசித்த காட்சி அப்படியே நிகழ்த்தப்பட்டது. பார்லிமெண்ட் அதைத் தெய்வநிந்தை என்று தீர்த்து, அவருடைய நாவைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் துளைத்து, நெற்றியில் சூடிட்டது. கிறிஸ்து வேஷம் பூண்ட மனிதனின் கதி இதுவாயிற்றே என்பார்கள். ஆனால் அந்த விபத்து எதனால் நேர்ந்தது என்று யோசிக்க வேண்டும். அது அடையாளமே என்று நெய்லர் சொன்னார். உடன்வந்தவர்களோ அவரையே மீட்பராகக் கொண்டார்கள். காட்சி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற எல்லைக்கோடு அங்கே இல்லை. நாடக அரங்கம் தரும் முதல் நன்மை அந்த எல்லைக்கோடுதான். இதோ தொடங்குகிறோம், இதோ முடித்துவிட்டோம், வேஷத்தைக் கலைத்துவிட்டு உங்களில் ஒருவராக வந்து அமர்கிறோம் என்று சொல்லும் ஒழுங்கு அரங்கத்துக்கு உண்டு. நெய்லருக்கு நேர்ந்த கேடு நாடகத்தால் வந்ததன்று. நாடகம் என்று ஒப்புக்கொள்ளாததால் வந்தது.

பெஞ்சமின் லே இன்னொரு வகையானவர். 1682-இல் எஸ்ஸெக்ஸில் பிறந்து, மாலுமியாகக் கடலோடி, பார்படோஸ் தீவில் கடை நடத்தியபோது அடிமைகள் பட்ட சித்திரவதையைக் கண்ணாரக் கண்டு, பின்னர்ப் பென்சில்வேனியாவில் அபிங்டன் என்ற ஊரருகே குகை போன்ற குடிலில் வாழ்ந்தவர். நாலடி உயரமே உள்ள கூனர். அக்காலத்தில் பென்சில்வேனியக் குவேக்கருள் செல்வர் பலர் அடிமைகளை வைத்திருந்தனர். சபையை நடத்திய பெரியவர்களுள்ளும் அத்தகையோர் இருந்தனர். 1738-இல் நியூஜெர்சியின் பர்லிங்டனில் ஆண்டுக் கூட்டம் கூடியபோது லே ஒரு பெரிய மேலங்கியைப் போர்த்திக்கொண்டு வந்து அமர்ந்தார். தருணம் வந்ததும் எழுந்து, அடிமைகளை வைத்திருக்கும் சகோதரரைக் கண்டித்துப் பேசி, மேலங்கியை உதறினார். உள்ளே இராணுவ உடுப்பு; இடையில் வாள்; கையில் வேதாகமம் போலத் தோன்றிய ஒரு தடித்த நூல். அதைத் தலைக்குமேல் உயர்த்தி வாளால் குத்தினார். நூலின் நடுவைக் குடைந்து அதற்குள் ஒரு சவ்வுப் பையில் காட்டுப் பழத்தின் செஞ்சாற்றை நிரப்பி வைத்திருந்தார்; சாறு இரத்தம்போல் அவர் கைவழியே ஓடியது, அருகிருந்த அடிமையுடையார்மீது தெறித்தது. கூட்டத்தார் அவரைத் தூக்கி வெளியே கொண்டுபோய் விட்டனர். அவர் எதிர்க்கவில்லை.

இந்தக் காட்சியின் நுட்பத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வாளைத் தீண்டாத சபையினுள் வாளோடு வந்தது வெறும் அதிர்ச்சிக்காக அன்று. போரில் பிடிக்கப்பட்டவர்களை விலைக்கு வாங்கி வைத்திருப்பவன் போரின் கொள்ளையில் பங்காளி. சாந்தமான சாம்பல் நிற உடைக்குள் அவன் ஏற்கனவே சிப்பாய்ச் சட்டை போட்டிருக்கிறான். லே தம் மேலங்கியைக் களைந்தபோது களையப்பட்டது அவர்களுடைய மேலங்கி. நூலைக் குடைந்ததும், சாற்றை நிரப்பியதும், உடுப்புத் தேடியதும், தருணம் பார்த்து எழுந்ததும் முன்கூட்டியே ஆலோசித்துச் செய்த ஆயத்தங்கள். ஆகவே, நண்பர்களின் அடையாளங்கள் ஆவியின் ஏவுதலால் அக்கணமே பிறந்தவை, ஒத்திகை பார்த்த நாடகத்தோடு அவற்றை ஒப்பிடலாகாது என்ற ஆட்சேபம் பர்லிங்டனில் தளர்ந்துவிடுகிறது. ஏவுதல் உள்ளத்தில் எழுந்தது. கைகள் பல நாள் உழைத்தன. ஏவுதலும் உழைப்பும் ஒன்றையொன்று கொல்லும் என்பது எந்த நல்ல தச்சனும் ஒப்பாத கருத்து.

அடிமைமுறையைச் சபையிலிருந்து களைந்தது ஜான் ஊல்மன் என்ற குவேக்கரின் மென்மையான வேண்டுதலே, லேயின் ஆர்ப்பாட்டம் அன்று என்று கூறுவோர் உளர். ஊல்மனின் பெருமையை நான் ஒரு சிறிதும் குறைக்க மாட்டேன். ஆனால் அவரும் சாயமிடாத வெளிறிய உடையையும் வெண்தொப்பியையும் அணிந்து, 1772-இல் லண்டன் ஆண்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தபோது, அவர் வாய் திறக்கும் முன்பே அவர் உருவம் பேசியது. மிக அமைதியான நண்பரும் காட்சியைக் கைவிடவில்லை.

மௌனத்துக்கும் மேடைக்கும் பகை என்ற பேச்சும் நெடுங்காலமாக நடமாடுகிறது. குவேக்கரின் மௌன வழிபாட்டில் குருவும் இல்லை, சடங்கும் இல்லை, எழுதிவைத்த பிரார்த்தனையும் இல்லை. ஆகவே வடிவத்துக்கு அடங்காத அந்த மௌனத்தில் வடிவமே உயிரான நாடகம் புகலாகாது என்பார்கள். வடிவமற்ற வழிபாடு என்று ஒன்று உண்டா? எதிரெதிரே அமரும் முறை, மூத்தோர் கைகுலுக்கிக் கூட்டத்தை முடிக்கும் முறை, பழங்காலப் போதகர் இழுத்துப் பாடுவதுபோல் பேசிய ராகம் எல்லாம் வடிவங்களே. ஒரே நிறத்து எளிய உடை சபையின் சீருடையாக இறுகிவந்தபோது, ஃபாக்ஸின் மனைவியும் சபையின் தாய் போன்றவருமான மார்கரெட் ஃபெல் தமது முதிய வயதில், 1700-ஆம் ஆண்டளவில், அதைக் கண்டித்து எழுதினார். எல்லாரும் ஒரே கோலத்தில் இருக்க வேண்டும் என்பது நற்செய்தி ஆகாது என்பது அவர் கருத்து. வேஷத்தை வெறுத்த சபையில் எளிமையே ஒரு வேஷமாகிவிடும் அபாயத்தை அவர் கண்டார். தான் வேஷம் என்பதை ஒப்புக்கொள்ளும் நாடகம், ஒப்புக்கொள்ளாத வேஷத்தைவிடச் சத்தியத்துக்கு அணுக்கமானது.

இனிப் புதிய காரணத்தை எடுத்துக்கொள்கிறேன். இருபதாம் நூற்றாண்டில் சபையின் பழைய தடை மறைந்தது. பிரிட்டனில் 1978-இல் குவேக்கர் இளைஞர் நாடக முயற்சியாக லீவனர்ஸ் என்ற அமைப்புத் தோன்றியது; மாவைப் புளிக்கச் செய்வோர் என்பது பெயரின் பொருள். அணு ஏவுகணைகளை எதிர்த்துக் கிரீனம் பொதுவெளியில் முகாமிட்ட பெண்களைப் பொருளாகக் கொண்டு அவர்கள் 1985-இல் பெரியதோர் இசைப் படைப்பை அளித்தார்கள். அதே 1978-இல், லண்டனின் குரூப் தியேட்டரை நிறுவியவர்களுள் ஒருவரான ஜான் ஆர்மரட் கிரீன்வுட், சபையின் மிக உயர்ந்த மேடையான ஸ்வார்த்மோர் சொற்பொழிவில் கலையையும் சமய அனுபவத்தையும் பற்றியே பேசினார். ஜூடி டென்ச், பால் எடிங்டன் போன்ற புகழ்பெற்ற நடிகர்களும், நாடகாசிரியர் யான் டி ஹார்டாக்கும் குவேக்கராக இருந்ததைச் சிலர் பெருமையோடு எடுத்துக்காட்டுவர். புகழ் ஒரு வாதமாகாது என்பதால் நான் அதில் தங்கவில்லை.

தடை நீங்கியபின் நிகழ்ந்தது என்ன? நாடகம் சபையின் பிரசாரகனாக வேலைக்கு அமர்த்தப்பட்டது. நம் சாட்சியங்களைப் பிறர் அறியட்டும், நம் முன்னோர் அடிமைகளை மீட்ட கதையையும் எலிசபெத் ஃபிரை அம்மையார் நியூகேட் சிறைக்குள் சென்ற கதையையும் இளைஞர் காணட்டும் என்று அதற்குக் கட்டளையிடப்பட்டது. நல்லெண்ணத்தில் பிறந்த கட்டளைதான். ஆனால் முன்னரே முடிவுகட்டிய உண்மையைப் பிறருக்கு விநியோகிக்கும் நாடகம் துண்டுப் பிரசுரத்தின் தம்பியாகும். அதைப் பார்ப்பவன் தலையசைப்பான், நடிப்பவன் திருப்தியடைவான், ஒருவனுடைய வாழ்வும் இடம் பெயராது. குவேக்கருக்கு இதில் விசேஷ ஆபத்தும் உண்டு. நல்ல சரித்திரம் வாய்த்த சமூகத்துக்கு அந்தச் சரித்திரமே தலையணையாகிவிடும். அடிமை ஒழிப்பில் முன்னின்றவர்கள் நாம் என்று நூறுமுறை நடித்துக் காட்டலாம். சமாதான நகரத்தைக் கட்டிய வில்லியம் பென் தாமும் அடிமைகளை வைத்திருந்தார் என்பதை ஒருமுறை நடித்துக் காட்டுவது எவ்வளவு கடினம்!

லே வெளியுலகத்தாருக்காக வேஷம் போடவில்லை. சந்தையில் போட்டிருக்கலாம், துறைமுகத்தில் போட்டிருக்கலாம். தம்மோடு மௌனத்தில் அமர்ந்திருந்த சகோதரர் முன்னிலையில், சபையின் நடுமையத்தில் போட்டார். குவேக்கர் சபையில் நாடகத்துக்குரிய வேலை இதுதான் என்று நான் துணிந்து சொல்வேன்: சபை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளாததைச் சபைக்கே காட்டுவது. நண்பர்கள் எழுப்பும் வினாக்களை வருடந்தோறும் வாசித்துத் தங்கள் நடத்தையைச் சோதித்துக்கொள்ளும் வழக்கம் அவர்களிடம் பழமையானது. வினாத்தாள் கேட்கும்போது மனிதன் விடை தயாரித்துக்கொள்கிறான். தன்னைப் போன்ற ஒருவன் கண்ணெதிரே தடுமாறுவதைக் காணும்போது தயாரித்த விடை கைகொடுப்பதில்லை. மௌனம் அதற்கு விரோதியன்று. அத்தகைய காட்சி முடிந்தபின் எழும் மௌனத்தைவிட உண்மையான வழிபாடு வேறு எங்கே கிடைக்கும்?

இதை அறிந்த குவேக்கர் ஒருவர் நம்மிடையே வாழ்ந்திருக்கிறார். யார்க்ஷயரில் பிறந்து, 1928-இல் சென்னைக்கு வந்து, வேப்பேரியில் பென்டிங்க் பெண்கள் பள்ளியில் கற்பித்து, தமிழும் பயின்று, பின்னாளில் கோத்தகிரியிலும் தங்கி உழைத்த மார்ஜரி சைக்ஸ் அம்மையார், சாந்திநிகேதனம் சென்று வங்காளி கற்று, தாகூரின் நாடகங்கள் மூன்றை ஆங்கிலத்தில் ஆக்கி 1950-இல் நூலாக வெளியிட்டார். அவற்றுள் நடனப் பெண்ணின் பூஜை என்று பொருள்படும் நாடகத்தில், புத்த வழிபாட்டுக்குத் தடைவிதித்த அரசின் ஆணைப்படி, ஸ்தூபத்தின் முன்னே ஆடி அதை மாசுபடுத்துமாறு அரண்மனைத் தாசி ஸ்ரீமதி பணிக்கப்படுகிறாள். அவள் ஆடுகிறாள், ஆடிக்கொண்டே ஆபரணங்களை ஒவ்வொன்றாகக் களைந்தெறிகிறாள், பகட்டான உடைக்குள்ளிருந்து பிக்ஷுணியின் காவி வெளிப்படுகிறது, ஆட்டமே பூஜையாகிறது, காவலர் அவளை வெட்டி வீழ்த்துகிறார்கள். மேலங்கியைக் களைந்து உள்ளுடுப்பைக் காட்டிய கூனரும், ஆபரணங்களைக் களைந்து காவியைக் காட்டிய நடனப் பெண்ணும் ஒரே வித்தையைத்தான் அறிந்திருந்தார்கள். மௌனத்தில் அமர்ந்து பழகிய ஓர் அம்மையார், இந்த நாடகத்தைத் தம் சமயத்துக்குப் புறம்பானதென்று ஒதுக்காமல் மொழிபெயர்த்துத் தந்தது எனக்கு மிகுந்த ஆறுதலைத் தருகிறது.

பர்லிங்டன் நிகழ்ச்சிக்குப் பின் சபை லேயைத் தன் உறுப்பினர் அல்லர் என்று விலக்கியது. இருபது ஆண்டுகள் கழித்து, 1758-இல், பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் அடிமைகளை வாங்கி விற்போர்மீது நடவடிக்கை எடுக்கத் தீர்மானித்தது. அச்செய்தி நோயுற்றிருந்த லேயின் காதுக்கு எட்டியது. மறு ஆண்டில் அவர் இறந்தார். 1776-இல் அடிமைகளை வைத்திருப்பதே சபையில் விலக்கப்பட்டது. 2023-இல் லண்டனின் ஃபின்பரோ அரங்கில் அவருடைய கதை நாடகமாக நடிக்கப்பட்டது. அதற்கு ஐந்தாண்டு முன்பே, 2018-இல், அபிங்டன் நண்பர்கள் தங்கள் இடுகாட்டில் அவருக்கும் அவர் மனைவி சாராவுக்கும் பெயர் பொறித்த கல் ஒன்றை நாட்டினார்கள்.